‘விதவுட் யூ’ யாருடைய பாட்டு?

‘விதவுட் யூ’ என்றதும் பலருக்கு மரியா கேரி நினைவுக்கு வருவார். கொஞ்சம் மூத்தவர்கள் ஹாரி நில்சன் என்பார்கள். இந்த ஆங்கிலப் பாட்டை எழுதி முதலில் பாடிய ராக் குழுவான பேட்ஃபிங்கர் என்று சொல்பவர்கள் குறைவு, சொல்பவர்களும் ஒரு தோரணையோடுதான் சொல்வார்கள்: ஒரிஜினலை அடிச்சுக்க ஆளே இல்லை என்று. மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்கிறவன் நான். என் கட்சி இது: ஒரிஜினல் சுமார்தான். நில்சன் பாடியபோதுதான் அது முழுப் பாட்டானது. மரியா கேரி பாடியது நில்சனின் நகல். கோபப்படுகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படலாம்.

இந்தப் பாட்டு உண்மையில் இரண்டு அரைப் பாட்டுகளின் ஒட்டு. பேட்ஃபிங்கர் குழுவில் பீட் ஹாம் வேல்ஸின் ஸ்வான்ஸி ஊர்க்காரர், டாம் எவன்ஸ் லிவர்பூல்காரர். ஹாமிடம் ‘இஃப் இட்ஸ் லவ்’ என்று ஒரு பாட்டு இருந்தது. சரணம் அழகு, பல்லவிதான் அவருக்குத் திருப்தியாக அமையவில்லை. எவன்ஸ் தன் காதலியை நினைத்து எழுதிய ஒரு பல்லவி சரணமில்லாமல் கிடந்தது. இரண்டையும் சேர்த்தார்கள். கேட்டுப் பாருங்கள், சரணத்தில் ஒருவன் பிரிந்துபோன மாலையை, அவள் முகத்தை, நிதானமாக நினைத்துப் பார்க்கிறான். பல்லவியில் வேறொருவன் நீ இல்லாமல் வாழ முடியாது என்று கதறுகிறான். இரண்டும் ஒரே மனநிலையே இல்லை. அந்த ஒட்டு தெரியும் இடத்தில்தான் இந்தப் பாட்டின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1970-இல் வந்த ‘நோ டைஸ்’ ஆல்பத்தில் பேட்ஃபிங்கர் இதைப் பதிவு செய்தபோது அவர்களே இதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டு வெளியீடாகக்கூட விடவில்லை. ஆர்கன், கிடார், குழுவாகப் பாடும் பல்லவி என்று எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவே இருக்கிற அந்தப் பள்ளத்தை இசைக்குழுவே சமன் செய்துவிடுகிறது. பாட்டு நன்றாகவே போகிறது, வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

பேட்ஃபிங்கர் பீட்டில்ஸின் ஆப்பிள் இசைத்தட்டு நிறுவனத்துக் குழு. அவர்களின் முதல் பெரிய ஹிட்டான ‘கம் அண்ட் கெட் இட்’ பால் மெக்கார்ட்னி எழுதிக் கொடுத்தது. அந்தச் சாயல் அவர்கள் பாட்டில் அப்படியே இருக்கும். நில்சன் ஒரு விருந்தில் ‘விதவுட் யூ’வைக் கேட்டுவிட்டு பீட்டில்ஸ் பாட்டு என்றே நினைத்தாராம். அப்புறம்தான் யாருடையது என்று தெரிந்திருக்கிறது.

அடுத்து அதை நில்சன் லண்டனில் பதிவு செய்தபோது நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. நில்சனுக்குப் பியானோவோடு மட்டும் அடக்கமாகப் பாட ஆசை. தயாரிப்பாளர் ரிச்சர்ட் பெரி பெரிய இசையமைப்பு வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். இரண்டு பேருமே சரி என்று இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் முடிவில் வந்த பாட்டில் இருவர் விருப்பமும் இருக்கிறது. முதலில் கேரி ரைட்டின் பியானோ, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல ஒரு குரல். முதல் பல்லவியைக்கூடக் கீழ் ஸ்தாயியிலேயே, சத்தம் போடாமல் பாடிவிடுகிறார். கேட்பவர் ‘சரி, இவ்வளவுதான்’ என்று நினைக்கும்போது அடுத்த பல்லவியில் அதே வரியை மேல் ஸ்தாயிக்குத் தூக்குகிறார். பின்னால் பால் பக்மாஸ்டர் அமைத்த தந்திக் கருவிகள் ஏறுகின்றன. ஹாமின் சரணத்துக்கும் எவன்ஸின் பல்லவிக்கும் நடுவே இருந்த பள்ளத்தை நில்சன் மூடவில்லை, இன்னும் ஆழமாக்கினார். அடுத்தவர் பாட்டை எடுத்துப் பாடும் கவர் வெர்ஷனுக்கு வேலை இதுதான். எழுதியவர்களே கவனிக்காமல் விட்ட ஒன்றைக் காதில் வாங்கிக் காட்டுவது.

1972-இல் அமெரிக்காவில் நான்கு வாரம், பிரிட்டனில் ஐந்து வாரம் அது பாட்டுத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தது. நில்சனுக்கு கிராமியும் வாங்கிக் கொடுத்தது.

வேடிக்கை என்னவென்றால் நில்சனே நல்ல பாடலாசிரியர். ஆனால் ஊருக்கு அவரை அடையாளம் காட்டிய இரண்டு பாட்டுமே அடுத்தவர் எழுதியவை. ‘எவ்ரிபடீஸ் டாக்கின்’ ஃப்ரெட் நீல் எழுதியது, இன்னொன்று இது. அவர் எழுதிய ‘ஒன்’ பாட்டையோ த்ரீ டாக் நைட் குழு பாடி ஹிட்டாக்கிக்கொண்டது. கணக்கு நேராகிவிட்டது என்று சிரித்துவிட்டுப் போகலாம்.

ஹாம், எவன்ஸ் கணக்கு மட்டும் கடைசிவரை நேராகவில்லை. உலகமே பாடிய பாட்டை எழுதியவர்கள் பணமில்லாமல் திண்டாடினார்கள். குழுவின் வியாபாரத்தைக் கவனித்த மேலாளர் ஸ்டான் பாலியின் பொறுப்பில் வரவு செலவு சிக்கலாகி, வார்னர் நிறுவனத்தோடு வழக்கு வந்து, அவர்களின் 1974 ஆல்பம் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 1975 ஏப்ரலில், 28 வயது நிறைய மூன்று நாள் இருக்கும்போது, ஹாம் தற்கொலை செய்துகொண்டார். விட்டுச் சென்ற குறிப்பில் பாலியைக் குற்றம் சாட்டியிருந்தார். அவருடைய மகள் பிறந்தது அதற்கு அடுத்த மாதம். 1983-இல் எவன்ஸும் அதே முடிவைத் தேடிக்கொண்டார். அப்போதும் இந்தப் பாட்டின் ராயல்டி பங்கு பற்றிய சண்டை ஓயவில்லை. வாழ முடியாது என்று எழுதினார்கள், அதே போலப் போய்விட்டார்கள் என்று சிலர் இதைச் சோகக் கவிதையாக்கிப் பதிவு போடுகிறார்கள். எனக்கு அது எரிச்சல். அவர்கள் முடிவுக்கும் அந்த வரிக்கும் முடிச்சுப் போட்டால் ஒப்பந்தமும் கணக்குப் புத்தகமும் தப்பித்துக்கொள்ளும்.

சரி, மரியா கேரிக்கு வருவோம். 1993-இன் ‘மியூசிக் பாக்ஸ்’ ஆல்பத்தில் பாடினார். சிங்கிளாக வெளிவந்தது 1994 ஜனவரியில். அதே மாதம் 15-ஆம் தேதிதான் நில்சன் இறந்திருந்தார். பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் மூன்றாம் இடம். குரலைப் பற்றிக் குறை சொல்ல நான் யார்? அந்த மேல் ஸ்தாயி அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. என் புகாரே அதுதான். நில்சன் அந்த உயரத்துக்குப் போகும்போது எட்டுமா எட்டாதா என்ற பதற்றம் கேட்பவருக்கும் தொற்றும். மரியா கேரி ஏறும்போது எட்டும் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. மெதுவான முதல் பல்லவி, பிறகு உயரம் என்ற வழியும் நில்சன் போட்டதுதான். இவர் அதில் கோரஸையும் கமகங்களையும் சேர்த்திருக்கிறார். இடையில் 1991-இல் ஏர் சப்ளை குழு பாடியதும் இருக்கிறது. மென்மையான குரல், அவர்களுக்கு எல்லாப் பாட்டும் போல இதுவும் ஒன்று.

அதற்குப் பிறகு மேடைப் போட்டிகளில் இதைப் பாடுகிறவர்கள் பாடுவது பெரும்பாலும் மரியா கேரியை. சரணத்தைக் கடமைக்கு முடித்துவிட்டு, பல்லவியில் குரலைக் காட்ட ஓடுகிறார்கள். 2008-இல் பல்கேரியப் போட்டி ஒன்றில் ஆங்கிலம் தெரியாத ஒரு பெண் பல்லவியின் ‘கான்ட் லிவ்’ (வாழ முடியாது) என்பதைக் காதில் விழுந்தபடி ‘கென் லீ’ என்று பாடியதை உலகமே பார்த்துச் சிரித்தது. நானும் பார்த்தேன், எனக்குச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. ஒரு வார்த்தை புரியாமலே ஒருவர் மனப்பாடம் செய்து மேடையேறும் அளவுக்கு எவன்ஸின் அந்த மெட்டு இழுக்கிறது.

பாட்டுச் செயலிகளில் இந்தப் பாட்டைத் தேடினால் முதலில் பாடகர் பெயர்தான் வரும். ஹாம், எவன்ஸ் பெயர்களைப் பார்க்க உள்ளே இரண்டு மூன்று இடம் தட்ட வேண்டும். தட்டிப் பாருங்கள். அப்புறம் 1970 பதிவைக் கேட்டுவிட்டு, நில்சனைக் கேட்டுவிட்டு, கமெண்ட்டில் சண்டைக்கு வாருங்கள். மரியா கேரி ரசிகர்களுக்கும் இடம் உண்டு, ஆனால் மூன்றையும் கேட்டிருக்க வேண்டும்.