சத்தியக் கடதாசியில் தாய் எழுத வேண்டிய வரி

போர் 2009 மே மாதம் முடிந்தது. அதற்குப் பிறகு இலங்கைப் பாராளுமன்றம் எதை ஓடி ஓடிச் செய்தது, காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு எதை இழுத்தடித்தது என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

2010 செப்டம்பர் 8ஆம் திகதி 18ஆவது திருத்தத்தை நிறைவேற்றினார்கள். அவசர சட்டமூலம். ஆதரவாக 161, எதிராக 17. ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக முடியாது என்ற தடை அன்றோடு போனது. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் அப்போதும் சனம் இருந்தது.

அதே வருடம் இன்னொரு சட்டம் வந்தது, அவ்வளவாக யாரும் பேசாதது: 19ஆம் இலக்க மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம். ஆளைக் காணவில்லை, ஒரு வருடத்துக்கு மேல் தகவலும் இல்லை என்றால் உறவினர் விண்ணப்பித்து மரணச் சான்றிதழ் எடுக்கலாம். சரி, வங்கிக் கணக்குக்கும் காணிக்கும் ஓய்வூதியத்துக்கும் அப்படி ஒரு பத்திரம் தேவைதான். ஆனால் விண்ணப்பிப்பவர் அவர் இறந்துவிட்டார் என்று மெய்யாகவே நம்ப வேண்டும், அதைச் சத்தியக் கடதாசியில் எழுதவும் வேண்டும். போர் முடியும்போது தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை செத்துப்போனான் என்று ஒரு தாய் கையெழுத்து வைக்க வேண்டும். அவனுக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியவர்கள் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை! காசுக் கஷ்டத்தோடும் அந்தக் கையெழுத்தை வைக்க மாட்டோம் என்று நின்ற அம்மாமாரைப் பிடிவாதக்காரர் என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது.

இறந்துவிட்டார் என்று எழுதாமலே, 'ஆளைக் காணவில்லை' என்று அரசு ஒப்புக்கொள்ளும் ஒரு சான்றிதழ் கிடைக்க 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது நல்ல திருத்தம், மனதார வரவேற்கிறேன். காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் அந்த ஆண்டு ஓகஸ்ட்டில்தான் நிறைவேறியது. ஆனால் ஆணையாளர்களை நியமித்தது 2018 பெப்ரவரியில். அதற்கு ஒரு வருடம் முன்பே கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் போனோரின் உறவுகள் போராட்டத்துக்கு உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த அலுவலகத்துக்கான சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படியுங்கள். அலுவலகம் என்ன கண்டுபிடித்தாலும் அதனால் குற்றவியல் பொறுப்போ குடியியல் பொறுப்போ எழாது என்று எழுதியிருக்கிறது. உண்மை தெரிந்தால் போதும், அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று இதற்குச் சமாதானம் சொல்பவர்கள் உண்டு. நான் ஏற்கவில்லை. அந்த வரி இருந்தும் யார் வந்து வாய் திறந்தார்கள்? 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கும்போது சாட்சி சொல்லத்தான் யாருக்குத் துணிவு வரும்?

2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 ஆசனம் கிடைத்தது. அந்த அணியின் முதுகெலும்பான ஜேவிபியின் (மக்கள் விடுதலை முன்னணி) தோழர்களும் 80களின் கடைசியில் தெற்கில் இப்படித்தான் காணாமல் போனார்கள். அவர்களுடைய தாய்மாரும் இதே கேள்வியோடுதான் அலைந்தார்கள். ஆகவே இந்தப் பாராளுமன்றத்துக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 13ஆம் பிரிவில் அந்த வரியை எடுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் நீக்குங்கள். இரண்டுக்குமே மூன்றில் இரண்டுகூடத் தேவையில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும்.