யாருதான்யா இன்ஜினியர் இல்லை?

வாஷிங் மெஷின் நின்றுபோச்சு. கஸ்டமர் கேருக்கு அடித்தால், "நாளைக்கு எங்க இன்ஜினியர் வருவாங்க சார்" என்கிறார்கள். வந்தது ஒரு தம்பி. வேலை தெரிந்தவர், பம்பில் சிக்கியிருந்த சட்டைப் பட்டனை இருபது நிமிடத்தில் எடுத்துவிட்டார். அவர்மேல் கோபமே இல்லை. ஆனால் மெக்கானிக் என்று சொன்னால் கம்பெனிக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

மோட்டார் விற்கிறவர் சேல்ஸ் இன்ஜினியர். சாட்ஜிபிடியிடம் கேள்வி கேட்கிறவர் பிராம்ப்ட் இன்ஜினியர். பேசிப்பேசியே ஓடிபியைக் கறக்கிற திருட்டுக்கு சோஷியல் இன்ஜினியரிங் என்று பேர். சாதிக் கணக்குப் பார்த்துத் தேர்தலில் சீட் கொடுப்பதற்கும் அதே பேர்! (பொருத்தமாகத்தான் இருக்கு.) ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்டவாவது 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவு வேண்டும். இங்கே விசிட்டிங் கார்டு அடிக்கிற காசு போதும்.

ஒரு காலத்தில் ஐரோப்பாவில் கோட்டையை உடைக்கிற கருவி செய்தவனுக்குத்தான் இந்தப் பேர். ராணுவத்தைச் சேராதவர் என்று பிரித்துக் காட்டத்தான் 'சிவில்' முன்னால் ஒட்டியது. நம்ம 'பொறி'யும் லேசுப்பட்டதில்லை. சிலப்பதிகாரத்து மதுரை மதிலில், தானே வளைந்து அம்பு எய்கிற வளைவிற்பொறி நிற்கிறது. எலிப்பொறியிலும் அதே பொறிதான். நாலு வருஷம் மாட்டிக்கொண்டவன் சொல்கிறேன்.

நான் சிவில். போன மாதம் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டோம். ஹாலின் குறுகிய பக்கமே 5 மீட்டர். 4.5 மீட்டரைத் தாண்டினால் 14 நாள் கழித்துத்தான் தளத்தைத் தாங்குகிற முட்டுகளை எடுக்கணும், காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 அப்படித்தான் சொல்கிறது. ஏழாம் நாளே வீட்டுக்காரர் போன்: "சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஏறுதுங்க, பிரிச்சிடலாமா? எங்க மச்சான் பையனும் இன்ஜினியர்தான், ஒண்ணும் ஆகாதுங்கிறான்."

யாரப்பா அந்தப் பையன் என்று விசாரித்தேன். பெங்களூரில் டெஸ்டிங் இன்ஜினியராம். எதை டெஸ்ட் பண்ணுகிறான்? மொபைல் ஆப்பை! ஆப் படுத்தால் மூடிவிட்டுத் திறக்கலாம். தளம் படுத்தால் அவன் வந்து ரீஸ்டார்ட் பண்ணுவானா? கம்பி எத்தனை எம்எம், காங்கிரீட்டில் எவ்வளவு தண்ணீர் என்று ராத்திரி பகலாக மண்டையை உடைத்துக்கொள்கிற நானும் அவனும் ஒரே ஜாதியாம்.

தொண்டை கிழியக் கத்தி, மீதி ஏழு நாளும் முட்டுகள் நிற்க ஏற்பாடு செய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே சித்தி, கையில் மிக்ஸி.

"நீ இன்ஜினியர்தானேடா, இது ஏன் சுத்தலன்னு பாரு."

கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. மாற்றிக் கொடுத்தேன்.