கும்மியை மேடையிலிருந்து கீழே இறக்குங்கள்

அக்டோபர் 1 முதியோர் தினம். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம். இந்த இரண்டு நாளும் ஊர் ஊருக்கு மேடை போட்டு, நாலு பேரை ஆடவிட்டு, பொன்னாடை போர்த்தி, ஒரு எவர்சில்வர் டப்பாவைப் பரிசாகக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். செலவழிப்பவர்களின் மனசில் குறை இல்லை. ஆனால் வீட்டில் பேச ஆளில்லாமல் கிடக்கும் ஒருவருக்கு அந்த ஒரு நாளால் எதுவும் மாறுவதில்லை. வாரா வாரம் ஒரே கிழமை, ஒரே இடம், அதே முகங்கள், வராவிட்டால் தேட நாலு பேர்: இதுதான் தனிமையைக் குறைக்கிறது. ஆட்டமும் பாட்டும் கோலமும் அந்த நாலு பேரைச் சீக்கிரம் ஒட்டவைக்கும் வழிகள்.

‘சீக்கிரம்’ என்பதற்கு ஆதாரம் உண்டு. இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான வகுப்புகளில் புதிதாகச் சேர்ந்தவர்களை ராபின் டன்பர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஏழு மாதம் கவனித்து 2015இல் எழுதினார்கள். பாட்டு, கைவினை, எழுத்து என்று மூன்று வகை வகுப்புகள். ஏழு மாத முடிவில் மூன்றிலும் நெருக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதல் மாதத்திலேயே ஒட்டிக்கொண்டவர்கள் பாட்டு வகுப்பினர். அதனால்தான் நாம் வாரா வாரம் நடத்த வேண்டிய கூடுகையிலும் முதலில் குரலும் கைத்தட்டும், பிறகு கோலமும் படமும் என்ற வரிசையை வலியுறுத்துகிறேன். முன்பின் தெரியாத இருபது பேரிடம் முதல் அரை மணியிலேயே பேப்பரும் கலரும் கொடுத்தால் இருபது பேரும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் 12 முதியோர் மையங்களில் 390 பேரோடு நடந்த இன்னொரு ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. வாரம் ஒருமுறை சேர்ந்து பாடியவர்களுக்கு ஆறு மாதத்தில் தனிமை உணர்வு குறைந்தது, வாழ்க்கையில் பிடிப்பு கூடியது. நினைவாற்றலிலோ உடல் வலுவிலோ சொல்லும்படி மாற்றம் இல்லை. ஆகவே நோட்டீஸில் ‘மறதி தீரும், மூட்டுவலி போகும்’ என்று போடாதீர்கள். அதை நம்பி வந்தவர் மூன்றாம் வாரம் நின்றுவிடுவார். ‘தனிமையில் வாடுவோருக்கு’ என்றும் போடக்கூடாது. எனக்கு யாருமில்லை என்று ஊரறிய ஒத்துக்கொண்டு யாரும் படியேற மாட்டார்கள். ‘சனிக்கிழமைதோறும் கும்மி, பாட்டு, கோலம். எல்லாரும் வரலாம். ஆடத் தெரிந்திருக்க வேண்டாம்.’ இவ்வளவு போதும்.

எல்லாரும் வரலாம் என்று எழுதிவிட்டால், எல்லாராலும் வர முடிகிறதா என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை. பெரிய வேலையும் அதுதான்.

கோயில் மண்டபம் வாடகையில்லாமல் கிடைக்கும். ஆனால் அந்தப் படியை மிதிக்க ஒரு தெருவுக்கு இன்னமும் தயக்கம் இருக்கும் ஊரில் அது எல்லாருக்குமான இடம் ஆகாது. வேறு மதத்தவரும் ஒதுங்குவார்கள். கல்யாண மண்டபத்தில் எதிரொலி அதிகம், காதுக்கருவி போட்டவருக்கு ஒரு வார்த்தைகூடப் பிரிந்து கேட்காது. நூலகம், அரசுப் பள்ளி, சமுதாயக் கூடம் என்று கேட்டுப் பாருங்கள். டவுன் பஸ் நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் இருக்கட்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கும் திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்து நிற்கும் இடமாகப் பார்த்துப் பிடித்தால் பாதிப் பேரின் போக்குவரத்துச் செலவு தீர்ந்துவிடும்.

சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நம் ஊரில் பெயருக்குக் கட்டியவை பல நாலடியில் செங்குத்தாக நிற்கும், மேலே வழவழக்கும் டைல்ஸ் வேறு. அதில் சக்கர நாற்காலியைத் தள்ளுபவரும் சேர்ந்து விழுவார். கதவின் திறப்பு 90 செ.மீ. இருக்க வேண்டும், கழிப்பறைக் கதவும் அப்படியே. கழிப்பறையை விசாரிக்காமல் விட்டால், வருகிறவர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். வெயில் காலத்தில் அதனால்தான் மயக்கம் வரும். இதையெல்லாம் உள்ளாட்சியில் கேட்கும்போது தயவு கேட்பதுபோல் கேட்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, கலை நிகழ்வுகளிலும் பொழுதுபோக்கிலும் சமமாகப் பங்கேற்க வழிசெய்வதை அரசு, உள்ளாட்சிகளின் கடமையாகவே வைத்திருக்கிறது.

வாசலில் சந்தனம், குங்குமத் தட்டு வைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். கணவரை இழந்த பெண்கள் அந்தத் தட்டைப் பார்த்ததும் பின்வாங்குவார்கள். முளைப்பாரிக் கும்மியிலும் சீமந்தத்திலும் ஒதுங்கி நின்றே பழகியவர்கள் அவர்கள். பேச்சுத் துணை அதிகம் தேவைப்படுபவர்களும் அவர்களே. கல்கண்டு ஒரு தட்டு போதும்.

நேரம் காலை 10.30 முதல் 12 வரை. மாலை வைத்தால் திரும்பும்போது இருட்டிவிடும், கண்பார்வை மங்கியவர்கள் வர மாட்டார்கள். மறதி நோய் உள்ளவர்களில் பலருக்குக் குழப்பமும் பதற்றமும் மாலையில்தான் கூடும்.

பதினாறு பேருக்கு வட்டம் போட, ஆளுக்கு மூன்றடி வீதம் கணக்கிட்டால் குறுக்களவு பதினைந்தடி வரும். வட்டத்துக்கு வெளியே சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி வேண்டும். ஆக, இருபத்தைந்துக்கு இருபத்தைந்து கூடம். இருபது பேரைத் தாண்டினால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள், ஒருவர் பெயரை ஒருவர் நினைவில் வைக்க முடியாத கூட்டத்தில் யாரும் யாரையும் தேட மாட்டார்கள். வழுக்கும் டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் கனத்த உடம்புக்காரர் சாயும்போது நாற்காலியின் கால் விரிந்துவிடும். கைப்பிடி உள்ள இரும்பு அல்லது மர நாற்காலி நல்லது. அடியில் ஜமக்காளம் விரிக்காதீர்கள், அதன் மடிப்பு தடுக்கும். ‘செருப்பை வெளியே விடுங்கள்’ என்பதும் கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கு முற்றத்து வெயிலில் கால் பொசுங்குவதுகூடத் தெரியாது. வீட்டுக்குள் போடும் ரப்பர் செருப்பு இருக்கட்டும்.

இனி ஆட்டம். கும்மியைப் போல எல்லாருக்கும் பொருந்தும் ஆட்டம் வேறு தெரியவில்லை. வட்டமாக ஆடுவது, முன்வரிசை பின்வரிசை கிடையாது. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதால் வரிகள் மனப்பாடம் தேவையில்லை. தன் கையைத் தானே தட்டுவது, அதனால் அடுத்தவர் தொடுவது பிடிக்காத ஆட்டிசக் குழந்தைக்கும் தொல்லையில்லை.

முதல் இரண்டு பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்தே ஆட வேண்டும், இருபது வயசுப் பிள்ளைகள் உட்பட. தொடையில் ஒன்று, நெஞ்சுக்கு நேரே ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. நாலே தட்டு. பக்கவாதத்தால் ஒரு கை வராதவர் நாலையும் தொடையில் தட்டினால் தாளம் கெடாது. நிமிஷத்துக்கு அறுபது தட்டில் தொடங்குங்கள், எண்பதைத் தாண்ட வேண்டாம். இளசுகள் தாளத்தைத் தள்ளிக்கொண்டே போவார்கள், அதை ஒருவர் பிடித்து நிறுத்த வேண்டும். மூன்றாம் பாட்டில் எழ விரும்புகிறவர்கள் தங்கள் நாற்காலிக்கு முன்னாலேயே எழுந்து ஆடட்டும். எழுந்ததும் நாலு மூச்சு நின்றபின்தான் முதல் அடி, ரத்த அழுத்த மாத்திரை போடுபவருக்கு சட்டென எழுந்தால் கண் இருட்டும். பின்னோக்கி வைக்கும் அடி வேண்டாம், சேலை ஓரத்தை மிதித்து விழுவது அதில்தான். நிற்பவர்கள் சுற்றிவர, உட்கார்ந்தவர்கள் நடுவில் பார்த்துக்கொண்டிருக்கும்படி ஒருபோதும் அமைக்காதீர்கள். அந்த நிமிஷமே அவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுகிறார்கள். சக்கர நாற்காலிகளை ஒரே ஓரமாகச் சேர்த்து வைப்பதும் இதே தவறு.

நடத்துபவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகும், உதட்டசைவு பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வெளிச்சம் முகத்தில் விழ நிற்க வேண்டும், சைகை மொழிபெயர்ப்பாளர் அவரை ஒட்டியே நிற்க வேண்டும். ‘இப்படிச் செய்யுங்கள்’ என்று காட்டினால் பார்வையற்றவருக்கு அது எதுவுமே இல்லை. ‘வலக்கை தோளுக்கு மேலே’ என்று தாளத்தோடு சொல்லிக்கொண்டே போனால் எல்லாருக்கும் உதவும். காது கேளாதவருக்கு அதிர்வு தரையில் தெரியும் என்பார்கள், மரத்தரைக்கு அது சரி. நம் சிமெண்ட் தரையிலும் டைல்ஸிலும் பெரிதாகத் தெரியாது. ஊதிய பலூன் ஒன்றை மடியில் இரு கையாலும் பிடிக்கச் சொல்லுங்கள், மேளத்தின் அதிர்வு விரலில் வந்து நிற்கும். பறையின் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பறை என்றதும் ‘சாவு மேளம் இங்கே எதற்கு’ என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குப் பணிந்து டோலக்குக்கு மாறிவிட்டால், எல்லாரும் வரலாம் என்று நோட்டீஸில் போட்டது பொய்யாகிவிடும். பறைக் கலைஞரை ஆசானாக அழையுங்கள், ஊதியத்தைக் கவரில் வைத்து அன்றே கொடுங்கள், அதே வட்டத்தில் அதே நாற்காலியில் உட்காரவையுங்கள், எல்லாருக்கும் கொடுக்கும் அதே டம்ளரில் டீ கொடுங்கள். சத்தத்துக்கு மட்டும் ஏற்பாடு தேவை. மூடிய கூடத்தில் குச்சியால் அடித்தால் காதுக்கருவி போட்டவர் வலியால் கழற்றிவிடுவார். கையால் தட்டினால் போதுமான ஒலி வரும். குச்சியால் அடிக்கும் ஐந்து நிமிஷத்தை முன்கூட்டியே அறிவித்து, வேண்டாதவர்கள் வராந்தாவுக்குப் போக இடம் கொடுங்கள். வராந்தாவில் இரண்டு நாற்காலியும் ஒரு விசிறியும் எப்போதும் இருக்கட்டும்.

பாட்டில் அடிக்கடி கெடுவது சுருதி. ஐந்து கட்டையில் பாடிப் பழகிய பெண்குரல் எழுபது வயசில் நாலு, மூன்றுக்கு இறங்கியிருக்கும். கருவிக்கு வசதி என்று ஐந்திலேயே வைத்தால் மேல் ஸ்தாயி வரும்போது பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். ஆறேழு சுரத்துக்குள் முடியும் பாட்டாக எடுத்து, குழு வசதியாகப் பாடும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே சுருதிப் பெட்டியை வையுங்கள். பக்திப் பாட்டு மட்டுமே என்றால் குழு சுருங்கிவிடும். தாலாட்டு, நடவுப் பாட்டு, பழைய சினிமாப் பாட்டு என்று கலந்து கொடுங்கள். மறதி நோய் உள்ளவருக்கு அவருடைய பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயசு வரை கேட்ட பாட்டுகள்தான் நன்றாக நினைவில் நிற்கும். 1950இல் பிறந்தவர் என்றால் 1965 முதல் 1975 வரை என்று கணக்குப் போட்டுத் தேடுங்கள். மைக் வேண்டாம். மைக் வந்தால் அது ஒரே ஒருவர் கையில் தங்கிவிடும்.

டீ நடுவில், 11.15க்கு, இருபது நிமிஷம். கடைசியில் வைத்தால் உலை வைக்க ஓடுகிறவர்கள் குடிக்காமலே போய்விடுவார்கள், நிஜமான பேச்சு நடப்பதோ அந்த இருபது நிமிஷத்தில்தான். சர்க்கரை போட்டது, போடாதது இரண்டும் வேண்டும். கை நடுங்குபவருக்குப் பிடி வைத்த கோப்பையில் பாதி மட்டும் ஊற்றுங்கள்.

ஓய்வுபெற்ற ஆண்களை ‘ஆட வாருங்கள்’ என்று கூப்பிட்டால் வருவது குறைவு. நாற்காலி அடுக்க, டீ ஆற்ற என்று ஒரு வேலையைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒயிலாட்டம் ஆண்கள் ஆடிவந்த ஆட்டம்தான், கைக்குட்டையைக் கையில் கொடுத்தால் நாலாம் வாரம் நாற்காலியில் இருந்தே வீசத் தொடங்குவார்கள்.

டீக்குப் பிறகு கோலம். தரையில் குனிய முடியாதவர்களே அதிகம் என்பதால் நாலடிக்கு நாலடி பலகைக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து மேசை உயரத்தில் வையுங்கள். அடியில் 70 செ.மீ. இடைவெளி இருந்தால் சக்கர நாற்காலி உள்ளே நுழையும். ஒரு பலகைக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு மூலை. எல்லாருடைய கோடும் நடுவில் சேர வேண்டும் என்பதால் பேசாமல் போட முடியாது. பார்வையற்றவர் இருக்கும் பலகையில் புள்ளிக்குப் பதில் புளியங்கொட்டையை ஒட்டிவைத்து, கோட்டுக்குக் கம்பளி நூலைக் கொடுங்கள். சிக்குக் கோலம் விரலிலேயே வந்துவிடும். யாருடைய கோட்டையும் திருத்தாதீர்கள், பரிசு கிடையாது, போட்டி கிடையாது.

கூட வரும் உறவினர்கள் ஓரமாக உட்கார்ந்து போன் பார்க்கக் கூடாது, அவர்களும் வட்டத்துக்குள் வர வேண்டும். நியூயார்க்கின் புரூக்ளினில் 2001இல் மார்க் மாரிஸ் நடனக் குழு பார்க்கின்சன் நோயாளிகளுக்காகத் தொடங்கிய வகுப்பில் பராமரிப்பவர்களும் சேர்ந்தே ஆடுகிறார்கள், வருகிறவர்களை நடனக் கலைஞர்களாகவே நடத்துகிறார்கள். பகலும் இரவும் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கும் மனைவிக்கும் இருக்கும் தனிமையை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. அம்மாவிடம் பேர் கேட்டால் மகள் பதில் சொல்லும் பழக்கமும், இருவரையும் வட்டத்தில் எதிரெதிரே உட்காரவைத்தால் மெல்லக் குறையும்.

வராதவரை அன்று மாலையே கூப்பிட வேண்டும். அதற்கு இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து நோட்டில் எழுதி வையுங்கள். ‘ஏன் வரல?’ என்றால் அது விசாரணை. ‘உங்க இடம் காலியா இருந்துச்சு’ என்றால் அடுத்த வாரம் வந்துவிடுவார். வாட்ஸ்அப் குழு இதற்கு மாற்று ஆகாது, இரண்டே வாரத்தில் அது காலை வணக்கப் படங்களால் நிறைந்துவிடும். காது கேளாத உறுப்பினருக்கு மட்டும் வீடியோ அழைப்பு அவசியம்.

மூன்று மாதத் திட்டம் என்று நிதி வாங்கித் தொடங்காதீர்கள். பழகிய பிறகு நிறுத்துவது, தொடங்காமலே இருப்பதைவிட மோசம். டீ, பறைக் கலைஞர், சைகை மொழிபெயர்ப்பாளர், நடக்க முடியாத இரண்டு மூன்று பேருக்கு ஆட்டோ: இந்த நாலுக்கும் ஒரு வருடத்துக்கு வழி தெரிந்தபின் நோட்டீஸ் அடியுங்கள். கூடத்தின் சாவியும் பெயர் நோட்டும் ஒருவரிடமே இருந்தால் அவர் வெளியூர் போகும் வாரம் எல்லாம் நின்றுவிடும், மூன்று பேரிடம் இருக்கட்டும். தீபாவளி, பொங்கல் வாரங்களில் விடுமுறை விடாதீர்கள். பிள்ளைகள் வராத வீட்டில் அந்த நாட்கள்தான் நகரவே நகராது. பொங்கல் வாரச் சனிக்கிழமை ஆறு பேர்தான் வருவார்கள் என்று தெரிந்தாலும் நடத்துங்கள், அன்றைக்கு டீயோடு வடையும் சேர்த்து.