மழை இல்லாத கோடையிலும் டெங்கு வரும்

'கோடை மழை பொய்த்தால் டெங்கு பயம் இல்லை' என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது பாதிதான் சரி. சென்னையில் மழை பொய்த்தால்தான் லாரித் தண்ணீரை டிரம் டிரம்மாகப் பிடித்து வைக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட வேறென்ன வேண்டும்? நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில் கரும்புள்ளியாக ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் போதாது, நார் போட்டுத் தேய்க்கணும். அப்புறம் ஒரு தூறல் போட்டால் பொரிந்து, அந்தச் சூட்டுக்கு ஒரு வாரம், பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் கொசுவின் உடம்புக்குள் வைரஸும் வேகமாகப் பெருகும். கொட்டித் தீர்க்கும் மழையாவது கொசுப் புழுக்களை அடித்துக்கொண்டு போகும். விட்டுவிட்டுப் பெய்வதுதான் வம்பு. இதில் எங்கள் தெருவில் புகை மருந்து அடிப்பது ராத்திரியில். ஏடிஸ் கடிப்பதோ பெரும்பாலும் பகலில்!