ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருந்தாலும்

விந்தணு எண்ணிக்கை சரியாக இருந்தாலும் உள்ளே டிஎன்ஏ சிதைந்திருக்கலாம் என்று உங்கள் கட்டுரையில் சொன்னதற்கு நன்றி. எங்களுக்கு நடந்தது அதுதான். என் மனைவிக்கு இரண்டு முறை கரு கலைந்தது. சென்னையில் முதலில் பார்த்த இடத்தில் எனக்கு 'நார்மல்' என்று எழுதிவிட்டார்கள். அப்புறம் அத்தனை ஊசியும் ஸ்கேனும் அவளுக்குத்தான். மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு போனவளும் அவள்தான். நான் பைக்கில் கொண்டுபோய் விட்டதோடு சரி.

வேறொரு டாக்டர்தான் டிஎன்ஏ சிதைவுப் பரிசோதனை எழுதினார். என் விந்தணுக்களில் 38 சதவீதத்துக்கு டிஎன்ஏ சிதைந்திருந்தது. விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருந்தது, வெரிகோசில். அதனால் அங்கே சூடு கூடும், சூடு கூடினால் டிஎன்ஏ இழை அறுபடும். சிகரெட்டும் அதையே செய்யும். அம்பத்தூரில் ஷிப்ட் முடிந்து டீக்கடையில் நின்றால் எனக்கு நாலு போகும். சின்னச் சேதத்தைக் கருமுட்டையே சரிசெய்துவிடுமாம். அளவு மீறினால் அதனாலும் முடியாது.

விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய 3 மாதம் ஆகும். ஆபரேஷன் செய்துகொண்டேன், சிகரெட்டை விட்டேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது 21 சதவீதம். கரு இரண்டு முறை கலைந்திருந்தால், தயவுசெய்து கணவனுக்கும் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.