கை விளங்காதவனின் கையெழுத்து

வலது கை விளங்காது என்பதற்காகத்தான் எனக்கு ஜேர்மனியிலிருந்து இயலாமை ஓய்வூதியமே வருகிறது. அதை எடுப்பதற்கு வலது கையால் போட்ட பழைய கையெழுத்து வேண்டுமாம். இன்று காலை கொழும்பில், காலி வீதியில் ஒரு வங்கியின் கவுண்டரில், கணினித் திரையையும் என் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை சொன்னாள்: "அங்கிள், கையெழுத்து பொருந்தவில்லை."

"பொருந்தாது பிள்ளை. திரையில் இருப்பது பாரிசவாதம் வருவதற்கு முன் போட்டது" என்றேன். கையைத் தூக்கியும் காட்டினேன். தூக்கி என்றால், இடது கையால் வலது கையைத் தூக்கிக் கவுண்டரில் வைத்தேன். அவள் பார்த்தாள். உண்மையாகவே பரிதாபப்பட்டாள். பரிதாபப்பட்டுக்கொண்டே புதிய படிவம் ஒன்றை நீட்டி, "கொஞ்சம் முயற்சி செய்து பாருங்கள்" என்றாள்.

முயற்சி! ஜேர்மனியில் நரம்பு வைத்தியர்களும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்காரர்களும் முயன்று முயன்று கைவிட்ட கை இது. நூலில் கட்டிய நீலப் பேனா ஒன்றைக் கொடுத்து அதை எழுப்பிவிடலாம் என்று அந்தப் பிள்ளை நம்புகிறாள்.

இடது கையால் போட்டேன். முதல் எழுத்து படுத்துவிட்டது, கடைசி எழுத்து கோட்டைத் தாண்டித் திகதிக் கட்டத்துக்குள் குடியேறிவிட்டது.

"இது வேறு கையெழுத்து, அங்கிள்."

"வேறு கை, பிள்ளை."

"அப்படியென்றால் கையெழுத்தை மாற்றுவதற்கு விண்ணப்பிக்க வேண்டும்."

இதை முன்பே சொல்லியிருக்கலாமே! மகிழ்ச்சியோடு விண்ணப்பத்தை வாங்கினேன். அடியில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் புதிய கையெழுத்துப் போட வேண்டும். மற்றதில் என்ன போட வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? பழைய கையெழுத்து! அதுவும் திரையில் இருப்பதோடு பொருந்த வேண்டும்.

மனேஜர் வந்தார். நல்ல மனிதர், கதிரை போடச் சொன்னார். பெருவிரல் அடையாளம் வைக்கிறேன் என்றேன். "அது எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்குத்தான் ஐயா. உங்களைப் பார்த்தால் படித்தவர் போல இருக்கிறதே" என்றார். பாராட்டுகிறாராம். படித்த பாவத்துக்கு இப்படி ஒரு தண்டனை இருக்கிறது என்று யாழ்ப்பாணத்தில் எனக்குப் பாடம் சொன்ன வாத்தியார்களில் ஒருவர்கூட எச்சரிக்கவில்லை. வைத்தியச் சான்றிதழைக் கொடுத்தேன். ஜேர்மன் மொழியில் இருக்கிறது, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொண்டுபோகச் சொன்னார். சரி, கொண்டுபோனால் காசு கிடைக்குமா? அதன் பிறகு தலைமையகத்துக்கு அனுப்பிக் கேட்பார்களாம். "கவலைப்படாதீர்கள் ஐயா, உங்கள் பணம் பாதுகாப்பாக இருக்கிறது."

இருக்கிறது. என்னிடமிருந்து.

ஜேர்மன்காரனைக் கடுதாசி பிடித்தவன் என்று நாங்கள் எல்லோரும் திட்டுவோம். அவன் என்னிடம் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தாள்தான் கேட்கிறான், உயிர்வாழ் சான்றிதழ். இந்த ஆள் இருக்கிறானா, போய்விட்டானா? இருக்கிறான் என்று தகுதியான ஒருவர் ஒப்பமும் முத்திரையும் வைத்து அனுப்பினால் காசு வந்துகொண்டிருக்கும். அனுப்பாவிட்டால் நிறுத்துவான், அது நியாயம். என் இடது கைக் கிறுக்கலைப் பற்றி இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. பல மணி நேர விமானத் தூரத்துக்கு அப்பால் இருப்பவன் நான் இருக்கிறேன் என்று நம்புகிறான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும் என்னை அந்தப் பக்கம் இருப்பவர்கள் நம்ப மாட்டார்களாம்.

இதற்குள் சொந்தக்காரர்களின் உபதேசம் வேறு. "சும்மா இருக்க யூரோ வருகிறது, உனக்கென்ன குறை?" சும்மா வருகிறதா? எந்த வேலையானாலும் நாளுக்கு 3 மணி நேரம்கூடச் செய்ய இயலாது என்று நிரூபித்த பிறகுதான் முழு ஓய்வூதியம் தருவார்கள். விலக்காக, 3 முதல் 6 மணி நேரம் வரை வேலை செய்ய முடியும், ஆனால் அதற்கேற்ற வேலை கிடைக்கவில்லை என்று முழுத் தொகை பெறுகிறவர் இலங்கைக்குக் குடிபெயர்ந்தால் அந்த முழுத் தொகை தொடராது. 2013 ஒக்டோபருக்கு முன்னர் ஜேர்மன் குடியுரிமை இல்லாதவர்கள் இப்படி வந்தால் பொதுவாக 70 வீதம்தான் கிடைத்தது. அங்கே கிடைத்த பொது மருத்துவக் காப்புறுதி இங்கே செல்லாது, சிகிச்சைக்கு என் சட்டைப்பையில் இருந்துதான் போகிறது. இதையெல்லாம் சொன்னால், "அப்படியென்றால் அங்கேயே இருந்திருக்கலாமே" என்பார்கள். பனியில் ஊன்றுகோலோடு ஒருநாள் நடந்துவிட்டு வந்து சொல்லட்டும்.

அவுஸ்திரேலியாவில் இயலாமை ஓய்வூதியம் பெறும் நண்பன் ஒருவன் வெள்ளவத்தைக்கு வந்தால் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவான். 12 மாதத்தில் 28 நாளுக்கு மேல் வெளியே நின்றால் காசு நின்றுவிடும், மிகக் கடுமையான இயலாமை போன்ற சில விலக்குகள் தவிர. திருவிழாவுக்கு வந்தவன் தேருக்கு முன்பே பெட்டி கட்டுகிறான். அவனிடம் போய் என் கதையைச் சொன்னால், "உனக்குக் காசாவது வருகிறது" என்கிறான். வருகிறதடா, எடுக்கத்தான் முடியவில்லை!

அந்த வங்கிக்குச் சாய்தளம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வந்து, 2006இல் கட்டடங்களுக்கான ஒழுங்குவிதிகளும் வந்து, பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்த 3 ஆண்டு அவகாசமும் கொடுத்தார்கள் அல்லவா? இவர்கள் கட்டிவிட்டார்கள். கட்டி, அதன் மேல் ஜெனரேட்டரை வைத்துவிட்டார்கள். ஜெனரேட்டர் சாய்ந்துவிடாமல் சக்கரங்களுக்குக் கல் வேறு வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு ஊழியர் என்னைக் கைத்தாங்கலாகப் படியேற்றிவிட்டு, "சாய்தளம் இருக்கிறது ஐயா, கொஞ்சம் அடைப்பு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார். இன்று அந்தக் கட்டடத்தில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

இது கிடக்கட்டும். இடியப்பம் கட்டித் தருகிறவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சொதியை ஏன் அந்தச் சின்னப் பொலித்தீன் பையில் ஊற்றி, முறுக்கி, முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சின் மேல் இறப்பர் வளையத்தையும் இறுக்குகிறீர்கள்? யார் திருடப் போகிறார்கள்? ஒற்றைக் கையும் பல்லுமாக நான் அதோடு போராடி முடிக்கும்போது பாதிச் சொதி என் சேட்டில். மீதியைச் சம்பல் பையில் தேடினேன், அதற்கும் இரண்டு முடிச்சு!