மாலை கட்டும் அக்காவுக்கு வேலை போகவே இல்லையாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் வாசலில் மாலை கட்டும் அக்கா ஒருவர் உண்டு. நூலைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, நம்மிடம் ஊர்க்கதை பேசியபடியே முழம் முழமாக மல்லிகை கட்டுவார். பூவைப் பார்க்கவே மாட்டார்.

2020 மார்ச் 18, கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கோயில் மூடியாச்சு, கல்யாணங்கள் நின்றாச்சு. பங்குனி உத்திரத்துக்கு வந்த ஆர்டரெல்லாம் போனது. அவர் கணவருக்குச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் வேலை, அது நிற்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் அரிசி பருப்புக்குத்தான் தோட்டத்துச் சம்பளம். மகளின் கல்லூரிச் செலவு, மாதாமாதம் கட்டும் கூட்டுக் காசு (சீட்டுப் பணம்) எல்லாம் பூவிலிருந்து வந்தவை. தோட்டத்துக் குடும்பங்கள் பலவும் இப்படித்தான்: ஒரு சம்பளம் ரசீதோடு, இன்னொன்று சுருக்குப்பையோடு.

அரசாங்கம் சம்பள மானியம் கொடுத்தது. 75 பேருக்குள் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு, ஆளுக்கு மாதம் 1,200 வெள்ளி (ரிங்கிட்). நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தொழிலாளர் காப்புறுதியைக் கவனிக்கும் அரசு அமைப்பான பெர்க்கேசோவில் பதிந்த ஊழியருக்குத்தான். அக்காவுக்கு முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே; எந்த ஏட்டில் இருப்பார்? பிரிஹாத்தின் என்ற அரசாங்க நிவாரணத் திட்டத்தின் உதவியாகக் குடும்பத்துக்கு 1,600 வெள்ளி இரண்டு தவணையில் வந்தது. அரிசிக்கடை பாக்கியை அடைத்தார்கள். அப்புறம்?

அந்த மே மாதம் நாட்டில் வேலையின்மை 5.3 விழுக்காடு என்றார்கள். அதில் அக்கா இருந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் காசுக்கு வேலை செய்திருந்தாலே 'வேலையில் உள்ளவர்'தான். யாரோ வீட்டுச் சாமி படத்துக்கு இரண்டு முழம் கட்டிக் கொடுத்தாரே, போதாதா! உலகமெங்கும் இதே அளவுகோல்தான் என்பார்கள். இருக்கட்டும். வருமானம் பத்தில் ஒன்றாகச் சுருங்கியதை அந்த அளவுகோல் காட்டாது என்பதுதான் என் வாதம். வேலை போனால் கைகொடுக்கும் காப்புறுதியும் முதலாளி உள்ளவருக்கு மட்டுமே என்று இருப்பதை இனியாவது மாற்ற வேண்டாமா?

சுயதொழில் செய்பவருக்கும் பெர்க்கேசோ திட்டம் இருக்கிறதே என்று போன மாதம் அக்காவிடம் சொன்னேன்.

"மறுபடி கோயில மூடினா காசு தருவாங்களா தம்பி?"

"இல்லைக்கா, வேலையில அடிபட்டா தருவாங்க."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "பூ கட்டி யாருக்குய்யா அடிபட்டிருக்கு?"